உடங்காட்டு பேண்டு மேலத்துறையில கேக்குது

ஆமா, நான்தான் குச்சியைக் கீழ வச்சேன். இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் மைக்கைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு நின்ன அபினேஷ்? மொத வரியிலயே கேட்டிருந்தா மொத வரியிலயே சொல்லிருப்பேன்லா. உக்காரு. நீ பேசும்போது நான் எந்திரிச்சேனா? தாசில்தார் மேடம், இந்த மேலத்துறை டிரம் லீடரை உக்காரச் சொல்லுங்க. அமைதிக் கூட்டம்னு வாசல்ல எழுதி ஒட்டிருக்கு, ரெண்டு ஊருக்கும் சமமா நாற்காலி போட்டிருக்கு, எங்க ஊரு பக்கத்து ஃபேன் மட்டும் ஓடல, அதைக்கூட நாங்க கேக்கல.

உங்க ஊரு மனுவை எல்லாரும் வாசிச்சாச்சு. கோட்ட அளவு பேண்டு இறுதிப் போட்டியில, அமைச்சரு முன்னால, மேலத்துறைப் பள்ளிக்கூடம் சத்தமில்லாம நின்னு அவமானப்பட்டுச்சு, அதுக்கு உடங்காட்டுப் பள்ளிக்கூடத்துப் பன்னெண்டாம் வகுப்பு முப்பிடாதிதான் காரணம், அவளை அவங்க பேண்டுல இருந்து எடுக்கணும், எடுத்துட்டு மத்தப் புள்ளைக எப்பவும்போல சாயங்காலம் நாலு மணிக்கு உடங்காட்டுல நின்னு வாசிக்கணும். இதானே எழுதிருக்கீங்க? நான் வேண்டாம், நான் இருக்கிற பேண்டு மட்டும் வேணும். எனக்குப் பதிலா தட்டு அடிக்கிற ஜெனிபாவைப் போட்டுக்கிடலாம்னு பேரு வரைக்கும் நீங்களே எழுதிட்டீங்க. அந்தா உக்காந்திருக்கா ஜெனிபா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? முப்பிடாதி நான்தான் மேடம். சைடு டிரம் லீடர். ஆறாங்கிளாஸ்ல கழுத்துல விழுந்த வாரு இது, இந்தா பாருங்க, தடம் இருக்கு. அதைக் கழட்டிட்டா என்கிட்ட கழட்டுறதுக்கு வேற ஒண்ணும் கெடையாது. அதனால முழுசாத்தான் சொல்லுவேன், நடுவுல மணி அடிக்காதீங்க.

மேடம் வெளியூரு, அதனால மொதல்ல இருந்து. எங்க ரெண்டு ஊருக்கும் நடுவுல பதினோரு கிலோமீட்டர். குளம் ஒண்ணு, பஸ்ஸு ஒண்ணு, கல்யாண மண்டபம் ஒண்ணு, பேண்டு மட்டும் ரெண்டு. அவங்க ஊருல பஸ் ஸ்டாண்டு இருக்கு, அதை ஒட்டியே பெரிய மைதானம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, குளத்து மடையும் அவங்க பக்கம்தான் இருக்கு, மழை பெஞ்சா தண்ணி எங்க தலைமேல விழுந்து அவங்க வயலுக்குப் போகும். எங்க ஊருல பீடி சுத்துவோம், பொறவு பேண்டு இருந்துச்சு. அவ்வளவுதான். ஒம்பது வருசம் கப்பு எங்ககிட்டதான். எங்க ஊருல பொண்ணு பாக்க வந்தா மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காருன்னு கேட்ட கையோட பேண்டுல என்ன வாசிச்சாருன்னு கேப்பாங்க, பெரிய டிரம்முன்னா காப்பி வரும், புல்லாங்குழலுன்னா காப்பியோட முறுக்கும் வரும், தட்டு அடிச்சவருன்னா பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்னு சொல்லிருவாங்க. சிரிக்காத ஜெனிபா. மேலத்துறைக்காரங்க என்ன செய்வாங்கன்னா, பஸ்ஸுல எங்க புள்ளைக ஏறினா முன் சீட்டுத் தகரத்துல டப்பு டப்புன்னு தட்டி, "ஏலே, உடங்காட்டுத் தகரக்கடை ஏறிருச்சு, காதைப் பொத்துங்க"ம்பாங்க. அவங்க தட்டுன தாளத்துல தப்பு இருக்கும், அதை எங்க ஒண்ணாப்புப் புள்ளை எந்திரிச்சுத் திருத்தும். இப்படித்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

போன ஜூலை மாசம், ரெண்டாவது செவ்வாக்கிழமை, நாலு மணி. எங்க பேண்டு மாஸ்டர் ஞானதிரவியம் சாரு விசிலைத் தூக்கி வாயில வச்சாரு, கன்னம் உப்புச்சு, விசிலு கேக்கல. கேக்கலைன்னாலும் கன்னம் உப்புன கணக்குக்கு நாங்க ஆரம்பிச்சிட்டோம், அவ்வளவு பழக்கம். குச்சி தோலுல பட்டுச்சு, தோலு அதிர்ந்துச்சு, தோலு மேல இருந்த தூசி எந்திரிச்சு ஆடுச்சு, புல்லாங்குழல்ல காத்து போச்சு, தட்டும் தட்டும் மோதி வெயில்ல மின்னுச்சு, முப்பத்திமூணு பேரு முதப் பாட்டு முடிச்சு ரெண்டாம் பாட்டுக்குத் திரும்பினோம், ஒரு சத்தம் வரல. வேப்பமரத்துல இருந்த காக்கா எந்திரிக்கல. சாரு காதைக் குடைஞ்சாரு. டிரம்மு வாரை எல்லாம் அவுத்து இறுக்கிக் கட்டச் சொன்னாரு, கட்டினோம். தோலை வெயில்ல காயப் போடச் சொன்னாரு, போட்டோம். மறுநாளும் அப்படித்தான். நாங்க பேசுறது கேட்டுச்சு, பள்ளிக்கூட மணி கேட்டுச்சு, டிரம்மை வெறும் விரலால தட்டுனா கேட்டுச்சு. பேண்டா நின்னு வாசிச்சா மட்டும் இல்ல.

மூணாம் நாளு ஜெனிபாவோட அக்கா போன் பண்ணிச்சு. அது மேலத்துறையில ஜவுளிக்கடையில வேலை பாக்குது. "ஏட்டி, நேத்து நாலே கால் ஆகிருச்சே ஆரம்பிக்க, சாரு லேட்டா? ரெண்டாவது பாட்டுல தட்டை முந்திப் போட்டது நீதானே?"ன்னு ஜெனிபாகிட்ட கேட்டிருக்கு. பதினோரு கிலோமீட்டருக்கு அங்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு மேல, தென்காசி பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு நேரா மேல, வானத்துல இருந்து எங்க பேண்டு விழுந்துக்கிட்டிருக்கு.

எங்க ஊருல இதைக் கேட்டு யாரும் வாயைப் பொளக்கல மேடம். சுவரோரம் உக்காந்து பீடி சுத்துற அக்காமாரு தட்டுல இருந்து தலையைத் தூக்கி, "தண்ணி போன வழியிலதான சத்தமும் போயிருக்கும்"னாங்க, திரும்ப இலையை வெட்ட ஆரம்பிச்சாங்க. முன்னால எங்க தாளத்துக்குத்தான் அவங்க கை ஓடும். இப்ப எங்க குச்சியைப் பாத்துப் பாத்துச் சுத்தினாங்க, கொஞ்ச நாள்ல பாக்காமயே சுத்தினாங்க. சத்தமில்லாத பேண்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் வசதியாப் போச்சு. பரீட்சை நடக்கிற ஹாலுக்கு வெளிய நிம்மதியா வாசிக்கலாம். சீக்காளி இருக்கிற தெருவுல ஊர்வலம் போலாம். ஒரு சாவு வீட்டுல கூப்பிட்டாங்க, போனவருக்குப் பேண்டுன்னா உசுரு, ஆனா அவரு சம்சாரத்துக்குத் தலைவலி, ரெண்டு பேருக்கும் பொருத்தமா இருக்கும்னாங்க. போனோம். வீட்டுல இருந்து சுடுகாடு வரைக்கும் வாசிச்சோம். அழுகுற சத்தம் மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. அன்னைக்கு மேலத்துறை பஸ் ஸ்டாண்டுல காலையில பத்தரை மணிக்கு எதுக்குடா சாவு அடி அடிக்குதுன்னு சனங்க செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்களாம்.

உங்க ஊரு என்ன செஞ்சுதுன்னு நீ சொல்லல அபினேஷ், நான் சொல்லுதேன். மொத நாளு நாய் குலைச்சுச்சு. ரெண்டாம் நாளு போலீஸ்காரரு ஒலிபெருக்கியைத் தேடினாரு, கோயில்ல பாத்தாரு, சர்ச்சுல பாத்தாரு, பள்ளிவாசல்ல பாத்தாரு, மூணு எடத்துலயும் மோர் குடுத்து அனுப்பினாங்க. பத்தாம் நாளு அதுக்கு நாலு மணிச் சத்தம்னு பேரு வச்சாச்சு. பஸ் ஸ்டாண்டு பரோட்டா மாஸ்டரு எங்க தாளத்துக்கு மாவை வீசுனாரு, வீசி வீசி அவரு பரோட்டா காகிதம் மாதிரி ஆயிருச்சு, சனம் வரிசையில நின்னுச்சு. ஆஸ்பத்திரியில புள்ளைகளுக்குத் தடுப்பூசியை நாலு மணிக்கு மாத்தினாங்க, ஊசி ஏறுறது தெரியாம புள்ளைக வாயைத் திறந்துக்கிட்டு மேல பாத்துச்சாம். பஞ்சாயத்தா முனிசிபாலிட்டியா என்னமோ, அதுல ஒரு தீர்மானம் போட்டீங்க. மழை யாரு கடல்ல இருந்து வந்தா என்ன, விழுற எடத்துக்காரனுக்குத்தான் சொந்தம், அதே மாதிரி மேலத்துறை வானத்துல விழுற சத்தம் மேலத்துறைக்குச் சொந்தம். கைதட்டி நிறைவேத்துனீங்க.

அதுக்கு அடுத்த வாரம் உங்க பி.டி. சாரு உங்க பேண்டைக் கொண்டாந்து அந்தச் சத்தத்துக்குக் கீழ நிறுத்துனாரு. அவரு மூளையை நான் குறை சொல்லவே மாட்டேன். உங்க அடி குறுக்க வந்து கெடுத்துரக்கூடாதுன்னு டிரம்முக்குள்ள பழைய போர்வையைத் திணிச்சாரு, புல்லாங்குழல் ஓட்டையில மெழுகை ஊத்தினாரு, தட்டுக்கு நடுவுல பஞ்சு. ஆக, எங்ககிட்ட அடி இருந்துச்சு சத்தம் இல்ல, உங்ககிட்ட சத்தம் இருந்துச்சு அடி இல்ல. இதுல யாரு பேண்டுன்னு ஒரு பேச்சு வரும்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். யாரும் பேசல.

போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழுன்னு மூணு பேரு அக்டோபர்ல எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. நாற்காலி போட்டு, கலரு ஒடைச்சுக் குடுத்து, நாங்க வெள்ளை உடுப்பு போட்டு நாலு பாட்டும் வாசிச்சோம். ஞானதிரவியம் சாரு சல்யூட் அடிச்சு முடிச்சாரு. நடுவுல உக்காந்திருந்தவரு கலரை உறிஞ்சிட்டு, "சரி சார், எப்ப ஆரம்பிப்பீங்க?"ன்னு கேட்டாரு.

எனக்கு அழுகை வரணும்லா, வரல. கோவம் வரணும்லா. இப்ப இவ்வளவு வாயாடுதேன்லா, அன்னைக்கு அந்தாளு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னேன், அவரு மீசையில ஆரஞ்சு நெறம் ஒட்டிருந்துச்சு, அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். சத்தம் வராத டிரம்மை அடிச்சுப் பாருங்க மேடம், தெரியும். அடிச்சமா இல்லையான்னு கைக்கே சந்தேகம் வரும். மொதல்ல விரல் நுனி மரத்துச்சு, பொறவு மணிக்கட்டு, பொறவு அது எங்க போச்சுன்னு நான் கவனிக்கல. எங்க வீட்டுல மீன் குழம்பு வச்சாலும் ஒண்ணுதான் ரசம் வச்சாலும் ஒண்ணுதான்னு ஆயிருச்சு. எங்கம்மா, "ஏம்மா, காய்ச்சலா?"ன்னு நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. தொட்டது தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

நவம்பர்ல வட்டப் போட்டி. மேலத்துறை மைதானத்துல, சனிக்கிழமை பதினோரு மணிக்கு. தேர்வுக் குழு எங்க பேரை அடிச்சிட்டாங்க, யாரும் எங்களைக் கூப்பிடல. ஆனாலும் அன்னைக்கு பத்தே முக்காலுக்கு ஞானதிரவியம் சாரு உடுப்பு மாட்டிக்கிட்டு எங்க மைதானத்துல வந்து நின்னாரு, நானும் போய் நின்னேன், பாத்தா முப்பத்திமூணு பேரும் நிக்கோம். யாரும் யாருகிட்டயும் சொல்லிக்கல. ஏன் வாசிச்சீங்கன்னு எல்லாரும் இப்ப கேக்கீங்க. போட்டி நாளு. வாசிச்சோம்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், தீர்ப்பு சொன்னவங்க யாராவது இங்க இருந்தாக் கேட்டுக்கோங்க. எங்க மைதானத்துக்கு நட்ட நடுவுல ஒரு அடி பைப்பு இருக்கு. பஞ்சம் வந்த வருசம் ஊரெல்லாம் துளை போட்டு தண்ணி அங்கனதான் வந்துச்சு. பாட்டி தாத்தா காலத்துக் கதை இல்ல, நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. அதனால எங்க பேண்டு நேரா நடந்து வந்து அந்தப் பைப்பு கிட்ட ரெண்டாப் பிரிஞ்சு, சுத்தி வந்து, திரும்பச் சேரும். சேருறதுக்கு ரெண்டு எட்டு கூடுதலா நடக்கணும், அதுக்காக நான் பாட்டுக்கு நடுவுல ரெண்டு அடி சேத்து அடிப்பேன். அது பாட்டுல கெடையாது. அது தப்பு. உலகத்துல எந்த பேண்டுக்கும் அந்த ரெண்டு அடி தேவையில்ல. அன்னைக்கு மேலத்துறை மைதானத்துல, ஒரு கல்லுகூட இல்லாத வெறுந்தரையில, இவங்க பேண்டு நேரா நடந்து வந்து, என் ரெண்டு அடி வந்ததும் ரெண்டாப் பிரிஞ்சு, இல்லாத பைப்பைச் சுத்தி வந்து சேந்துச்சு. ஜெனிபா அக்கா கண்ணால பாத்துச்சு. அதுக்குத்தான் நடுவருங்க எந்திரிச்சுக் கைதட்டினாங்களாம், புது மாதிரி நடைன்னு தனி மார்க்கு போட்டாங்களாம். கப்பு மேலத்துறைக்கு. பத்து வருசத்துல மொத தடவை. பட்டாசு வெடிச்சீங்க, அது எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சு. பட்டாசு மட்டும் கேட்டுச்சு.

எங்க சத்தத்தை நாங்க கேக்க முடியுமான்னு பாக்காம இல்ல. போன்ல வச்சுப் பாத்தோம். ஜெனிபா அக்கா பஸ் ஸ்டாண்டுல நின்னு போனைத் தூக்கிப் பிடிக்கும், ஹாரன் வரும், பரோட்டாக் கல்லு வரும், மதுரை மதுரைன்னு கூப்பிடுறது வரும், பேண்டு வராது. அதான் ஒரு நாளு வயித்து வலின்னு லீவு போட்டுட்டு மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சு நானே போனேன். பரோட்டாக் கடை முன்னால நின்னேன். நாலு மணி ஆச்சு. மேல இருந்து விசிலு வந்துச்சு. எங்க சாரு விசிலு, அஞ்சு மாசம் கழிச்சுக் கேக்கேன். பெரிய டிரம்மு வந்துச்சு, புல்லாங்குழல் பதினாலும் வந்துச்சு, ஜெனிபா வழக்கம்போல தட்டை ஒரு இம்மி முந்திப் போட்டா. எல்லாம் வந்துச்சு. என் சைடு டிரம்மு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல, பல்லு விழுந்த எடம் மாதிரி. நான்தான் இங்க நிக்கேன்லா, அங்க யாரு அடிப்பா? எனக்கு அப்பத்தான் விளங்குச்சு, நான் அடிச்சா கேக்க முடியாது, கேக்க வந்தா அடிக்க முடியாது, என் டிரம்மு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியவே போறதில்ல, மேலத்துறைக்காரன் எவனாவது சொன்னாத்தான் உண்டு.

பரோட்டா மாஸ்டரு மாவை வீசிக்கிட்டே, "இன்னைக்கு என்னமோ சப்புன்னு இருக்குல்லா பாப்பா"ன்னாரு.

"லீடர் லீவு"ன்னேன்.

"லீடரா?" அவரு நிசமாவே புரியாமத்தான் கேட்டாரு. "சத்தத்துக்கு எதுக்கு லீடரு?"

ஒரு பரோட்டா வாங்கித் தின்னேன். எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, தெரியல. திரும்பி பஸ் ஏறி வந்துட்டேன்.

இப்ப உன் கதைக்கு வாரேன் அபினேஷ். ஏன் தலையைக் குனியுத? இறுதிப் போட்டிக்கு ஒம்பது நாளு முன்னால, வியாழக்கிழமை, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு எங்க மைதானத்துக்கு வந்தது யாரு? அந்த அடி பைப்புல தண்ணி குடிக்கிற மாதிரி நின்னது யாரு? தாசில்தார் மேடம், இவன் நாங்க முழுசா வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னான். முடிச்சதும் என்கிட்ட வந்து என்ன சொன்னான்னா, "எக்கா, மூணாவது பாட்டைக் கொஞ்சம் மெதுவா அடிக்க முடியுமா? எங்க மைதானம் பெருசு, சின்னப் புள்ளைக ஓட வேண்டியிருக்கு"ன்னான். என்னை விட ஒரு வயசு மூத்தவன், அக்காவாம்.

"ஏம்ல, பாட்டைத் தூக்கிட்டுப் போனது பத்தாதுன்னு அளவு வேற குடுக்கியா? நான் என்ன டெய்லரா?"ன்னு கேட்டேன்.

"கோவப்படாதக்கா. மெதுவா அடிச்சா உங்களுக்கும் நல்ல பேருதான்."

"எங்களுக்கு எங்கல பேரு? கப்புல உங்க ஊரு பேருல்லா வெட்டிருக்கு."

நான் வாரைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். பொறவு நானே கேட்டேன், கேக்கக்கூடாதுன்னுதான் நினைச்சேன், கேட்டுட்டேன். "எப்படி இருக்கு?"

"எது?"

"என் டிரம்மு."

அப்ப இவன் சொன்னான் மேடம். தொப்பியைக் கழட்டிட்டுச் சொன்னான். "ரெண்டாவது பாட்டுல, நாலாவது வரியில, உங்க எடது கை ஒரு இமைக்கிற நேரம் தயங்கும். விழுமா விழாதான்னு இருக்கும். பொறவு விழும். அது விழும்போது எங்க பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் ஒண்ணா மூச்சு விடுவோம். தினமும்." சொல்லிக்கிட்டே அவன் கையை அசைச்சான், அவன் எடது கையும் அதே எடத்துல தயங்கிச்சு. ஏழு மாசம் கேட்டுக் கேட்டே என் கையை அப்படியே படிச்சு வச்சிருக்கான். எங்க சாருக்கே அந்தத் தயக்கம் தெரியாது. எனக்கே தெரியாது.

ஏழு மாசத்துல அன்னைக்கு ஒரு நாளு உள்ளங்கையில லேசாச் சுட்டுச்சு. நான் சொன்னேன், "அபினேஷ், கப்பு வேண்டாம். எங்களைப் போட்டியில சேக்கவும் வேண்டாம். மூணாவது பாட்டை நீ கேட்ட மாதிரி மெதுவாவே அடிக்கேன். இறுதிப் போட்டி அன்னைக்கு மைக்குல, இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. உடங்காட்டு முப்பிடாதி கைன்னு சொல்லு." அவன், "சொன்னா எங்க ஊருக்குள்ள கால் வைக்க முடியாதுக்கா"ன்னான். பொறவு தொப்பியை மாட்டிக்கிட்டு, "பாக்கேன், சொல்லப் பாக்கேன்"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒம்பது நாளும் மூணாவது பாட்டை மெதுவா அடிச்சுப் பழகினேன். முப்பத்திரெண்டு பேரையும் பழக்கினேன். அடிச்சா அடிச்சது தெரியாத கையை வச்சுக்கிட்டு.

இறுதிப் போட்டி அன்னைக்கு எங்க மைதானத்துல ஊரே நின்னுச்சு. பீடித் தட்டை மடியில வச்சுக்கிட்டு அக்காமாரு வரிசையா உக்காந்திருந்தாங்க. ஜெனிபா அக்கா மேலத்துறை மைதானத்துல இருந்து போன் போட்டு வச்சிருந்துச்சு, இங்க பைப்பு மேல போனை நிறுத்தி வச்சிருந்தோம், அங்க எப்ப ஆரம்பிக்காங்கன்னு தெரியணும்லா. பேண்டு சத்தம் வராது, பேச்சு வரும். அறிவிப்பாளரு பேசினாரு. மேலத்துறைத் தங்கங்கள், அது இது. பொறவு, "டிரம் லீடர் தம்பி அபினேஷ், இப்படி வாங்க. வட்டப் போட்டியில எல்லாரையும் அசத்துனீங்களே, இந்தக் கையை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டாரு.

எங்க ஊரு மூச்சு விடல. எங்க சாரு விசிலை வாயில இருந்து எடுத்துட்டாரு.

"யாருகிட்டயும் இல்ல சார். தானா வந்தது"ன்னான்.

போன்ல கைதட்டு வந்துச்சு, ரொம்ப நேரம் வந்துச்சு. எங்க சாரு விசிலைத் திரும்ப வாயில வச்சாரு. கன்னம் உப்புச்சு. நாங்க ஆரம்பிச்சோம். நான் அடிச்சேன் மேடம், ஒரு பாட்டு முழுசா ஒழுங்கா அடிச்சேன், ஒளிக்கல, கெடுக்கல. ரெண்டாவது பாட்டும் அடிச்சேன். நாலாவது வரி வந்துச்சு. எடது கை தயங்கிச்சு. விழல. நான் அதைப் பாத்துக்கிட்டே நின்னேன், யாரு கையோ மாதிரி இருந்துச்சு. பழிவாங்கணும்னு இல்ல. அழுகை இல்ல. அந்தக் கை மேலயே நின்னுச்சு, பொறவு மெல்லக் கீழ வந்து குச்சியை டிரம்மு மேல படுக்க வச்சுச்சு. பெரிய டிரம்மு நின்னுச்சு. புல்லாங்குழல் நின்னுச்சு. ஜெனிபா தட்டைத் தூக்குனவ தூக்குன மேனிக்கு நின்னா, அவ வாழ்க்கையில மொத தடவை முந்தல. யாரும் என்னைத் திட்டல. சாரு என் பக்கத்துல வந்து நின்னாரு, அவ்வளவுதான்.

அங்க என்ன நடந்துச்சுன்னு மனுவுல நீங்களே விலாவாரியா எழுதிருக்கீங்க. சத்தம் நின்ன பொறவும் பத்துப் பன்னெண்டு எட்டு வரைக்கும் இவங்க கையை ஆட்டிக்கிட்டே நடந்திருக்காங்க. பொறவு பதறிப்போய் நிசமாவே ஓங்கி அடிச்சிருக்காங்க. போர்வை திணிச்ச டிரம்மு பொத்து பொத்துன்னு தலையணை மாதிரி சத்தம் போட்டிருக்கு. மெழுகு அடைச்ச குழலை ஊதி ஒரு சின்னப் பய மயங்கி விழுந்திருக்கான். அந்தப் புள்ளைக்கு நான் வருத்தப்படுதேன். மத்தவங்களுக்கு வருத்தப்படணும்னுதான் பாத்தேன், வரல.

அதுக்குப் பொறவு பன்னெண்டு நாளா நாங்க வாசிக்கல. உங்க ஊருல நாலு மணி ஆனா சனங்க மேல பாத்துக்கிட்டு நிக்குதாம், பஸ்ஸை விட்டுருதாம். ஊசி போட்டா புள்ளைக அழுகுதாம். பரோட்டா தடியாப் போச்சாம். அதனாலதான் இந்த மனு, அதனாலதான் இந்தக் கூட்டம், அவமானம் எல்லாம் சும்மா. உத்தரவு போட்டு எங்களை வாசிக்க வச்சுரலாம்னு பாக்கீங்க. என்னை எடுத்துட்டு ஜெனிபாவை லீடராப் போடலாம்னு பாக்கீங்க. ஜெனிபா, நீ வேணும்னா அடிட்டி, நான் தடுக்க மாட்டேன். ஆனா உன் கை எப்படி இருக்குன்னு உனக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க, அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு அடி.

இருங்க மேடம், முடிச்சிட்டேன். ஒரே ஒரு கேள்வி. கோர்ட்டு வேண்டாம், கமிட்டி வேண்டாம், இவன் பதில் சொன்னாப் போதும். என் பேரைப் பேண்டுல வச்சாலும் சரி, வெட்டினாலும் சரி, பதிலைக் கேட்டுட்டு நீங்களே எழுதுங்க. மேலத்துறைக்காரங்களும் கேளுங்க, எங்க ஊரும் கேளுங்க, அந்த ஜன்னல்ல தொத்திக்கிட்டு நிக்கிற சின்னப் புள்ளைகளும் கேளுங்க.

அபினேஷ், அது உன் கைன்னு சொன்ன. யாருகிட்டயும் கத்துக்கல, தானா வந்ததுன்னு சொன்ன. சரி, உன் கைதான். உன் டிரம்மு, உன் குச்சி, உன் ஊரு வானம். அப்படின்னா பதினோரு கிலோமீட்டருக்கு இங்கிட்டு, கப்பும் இல்லாத, பேரும் இல்லாத, ஒரு சத்தமும் வராத ஒரு பொட்டப்புள்ளை குச்சியைக் கீழ வச்சதுக்கு, உன் டிரம்மு ஏன்ல நின்னுச்சு?

அவன்கிட்ட மைக்கைக் குடுங்க. என்கிட்ட தனியா வந்து சொல்ல வேண்டாம், தொப்பி போட்டுக்கிட்டு வர வேண்டாம். எந்திரி. ரெண்டு ஊரும் உக்காந்திருக்கு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு.